மனசு சரியில்லாதபோது சோகப் பாட்டு கேட்கலாமா?

ஏலக்காட்டான்:
சொந்த ஊர் கம்பம். குமுளிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. காய் உலரும் ராத்திரிகளில் சூடு இறங்காமல் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும், வெளியே மழை விடாது, கீழே எங்கள் ஊரில் வெறும் காற்றுதான் அடிக்கும். காரணமே இல்லாமல் மனசு கனத்துப்போகிறது. அப்போது கை தானாக இளையராஜாவின் சோகப் பாட்டுக்குத்தான் போகிறது (பக்கத்துப் பண்ணைப்புரத்துக்காரர், அந்த உரிமை வேறு). வீட்டுக்காரி போனில் கேட்டுவிட்டு, "ஏற்கெனவே மூஞ்சியத் தொங்கப்போட்டிருக்கீங்க, இதுல அழுகைப் பாட்டு வேறயா?" என்கிறாள். குத்துப்பாட்டு போட்டுப் பார்த்தேன், எரிச்சல்தான் வந்தது. உங்களுக்கெல்லாம் எப்படி?

மெட்டு ஜீப்:
தாராளமாகக் கேளுங்கள் அண்ணே. காலையில் கம்பம் மெட்டு ஏறும்போது ஜீப்பில் குத்துப்பாட்டுதான் ஓடும். சாயங்காலம் இறங்கும்போது காய் எடுத்துக் களைத்த அக்காமார்களே, "தம்பி, அந்த அழுகைப் பாட்டப் போடு" என்பார்கள். என் அப்பத்தா ஒப்பாரிக்குப் பேர்போனவர். அடுத்த தெரு இழவுக்குப் போய் எங்கள் தாத்தாவை நினைத்துத்தான் பாடுவார். பாடி முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே "சோத்துக்கு என்ன வச்சிருக்கீக?" என்று கேட்பார்.

ஐந்து சுரம்:
2014இல் ஓர் ஆய்வு வந்தது, 772 பேரிடம் இணையத்தில் கேட்டது. சோக இசை கேட்கும்போது அவர்களுக்கு அதிகம் வந்தது சோகம் இல்லையாம், பழைய நினைப்பின் ஏக்கமாம். எனக்கு அது சரியென்றே படுகிறது. இன்னொன்று, சினிமா சோகத்துக்கு வாகான சிவரஞ்சனி ராகத்தில் காந்தாரத்தை (ஸரிகமவில் வரும் 'க') மட்டும் ஒரு படி ஏற்றினால் மோகன ராகம், அதாவது கொண்டாட்டம். ஹார்மோனியத்தில் பக்கத்துக் கட்டைதான். வாசித்துப் பாருங்கள், சிரிப்பே வரும்.

தூங்காதவன்:
எல்லாருக்கும் ஒத்துவராது, நான் பட்டிருக்கிறேன். நிச்சயித்த கல்யாணம் நின்றுபோன சமயத்தில் ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன், சும்மா சொல்லவில்லை, ஒரு மாதம், சோறு இறங்கவில்லை, யார் போனையும் எடுக்கவில்லை, கடைசியில் பாட்டு ஆரம்பிக்கும் முன்பே நெஞ்சு அடைக்க ஆரம்பித்தது. அப்புறம் டாக்டரிடம் போனேன், அதுதான் உதவியது. ஜீப் தம்பி சொன்ன அப்பத்தாவுக்குப் பாடி முடித்ததும் பசித்தது பாருங்கள், எனக்கு அது இல்லை. நீங்களும் அதைக் கவனியுங்கள்.

ஏலக்காட்டான்:
நேற்று நாலு பாட்டு போயிருக்கும். பக்கத்து ஸ்டோர்ச் சேட்டன் கட்டன் சாயாவோடு வந்து, "நம்ம தாசேட்டன் ஒண்ணு போடு" என்று (யேசுதாஸைத்தான்) ஒரு பழைய மலையாளப் பாட்டைச் சொன்னார். எனக்குப் பாதி வரிதான் புரிந்தது, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்க்காத மாதிரி அடுப்புக்கு விறகு தள்ளினேன். மூன்று மணிக்கு இரண்டு பேருக்கும் பசி. அவர் கொண்டுவந்த கப்பைக்கிழங்கில் (மரவள்ளிதான்) ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.