பந்திலிருந்து கண்ணை எடுக்கும் பையனைத் திருத்த வேண்டுமா?

வலைப்பயிற்சி: ஏரியா பையன்களுக்கு பேட்டிங் சொல்லித் தருகிறேன். "பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதே" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். ஆனால் இருப்பதிலேயே நன்றாக ஆடுகிறவன், பந்து பிட்ச் ஆகும் முன்பே பார்வையைக் கீழே இறக்கிவிடுகிறான். என்ன செய்யலாம்?

ஆஃப்ஸ்டம்ப்: அவனை அப்படியே விட்டுவிடுங்கள் சார். இங்கிலாந்தில் ஆய்வாளர்கள் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியாடும் பேட்ஸ்மேன்களின் தலையில் கேமரா மாட்டி, பந்துவீசும் இயந்திரத்துக்கு எதிரே நிறுத்திப் பார்த்தார்கள். ஆய்வு 2000-இல் வெளியானது. பந்து கிளம்பியதைப் பார்த்ததும் கண் பிட்ச் ஆகிற இடத்துக்குத் தாவி, பந்து வருவதற்குள் அங்கே போய் நிற்கிறது. குத்தி எழும்பிய பிறகு கொஞ்ச நேரம்தான் பின்தொடர்கிறது. தேர்ந்த ஆட்டக்காரரிடம் இந்தத் தாவல் சீக்கிரமே நடந்தது. உங்கள் பையனும் அதைத்தான் செய்கிறான்.

மிட்விக்கெட்: சோதனையில் இருந்தது மூன்றே பேர், அதுவும் இயந்திரப் பந்து. நிஜ பௌலர் என்றால் ஓடி வருவது, மணிக்கட்டு எல்லாமே துப்பு கொடுக்கும். இயந்திரத்தையே நம்பிப் பழக்காதீர்கள்.

வலைப்பயிற்சி: எங்களிடம் இயந்திரம் ஏது! சரி, இனி கத்தலைக் குறைக்கிறேன். மற்ற பையன்கள் எப்போது கண்ணை இறக்குகிறார்கள் என்று மொபைலில் ஸ்லோமோஷன் எடுத்துப் பார்க்கிறேன்.