கதகதப்பும் வேண்டும், எடையும் குறைய வேண்டும்: செயற்கை இழை ஸ்லீப்பிங் பேக் அனுபவங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். மலையேற்றத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஷூவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்னை ஒரு பயணத்திலிருந்து பாதியில் திருப்பி அனுப்பியது ஸ்லீப்பிங் பேக். அதனால் இந்த விவாத இழையைத் தொடங்குகிறேன். முதலில் என் கதை, அப்புறம் உங்களுடையதைச் சொல்லுங்கள்.

முதல் பை வாங்கியபோது உறையின் மேல் பெரிய எழுத்தில் ‘மைனஸ் 15’ என்று போட்டிருந்தது. நாங்கள் போகவிருந்த இடத்தில் இரவில் மைனஸ் 3 அல்லது 4 டிகிரிதான் இருக்கும். பத்து டிகிரிக்கு மேல் கையிருப்பு இருக்கிறதே என்று நிம்மதியாகக் கிளம்பினேன். இரண்டாவது முகாம் 3,400 மீட்டர் உயரத்தில். ஒன்பது மணிக்குப் படுத்தேன், பதினொன்றுக்கே விழிப்பு வந்துவிட்டது. முதலில் பாதம் விறைத்தது, அப்புறம் இடுப்பு, அப்புறம் தோள். கையில் இருந்த சட்டை, சாக்ஸ் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டேன். ஜிப்பை ஒட்டி விரலை மேலிருந்து கீழாக நகர்த்தினால், அந்தக் கோடு முழுக்கக் குளிர்காற்று உள்ளே கசிவது தெரிந்தது. முழங்காலை நெஞ்சோடு அணைத்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். காலையில் ஷூ லேஸ் கட்ட விரல் மடங்கவில்லை. அன்றைக்கே இறங்கிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து பையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பினேன். தையல் ஓரத்தில் சின்னதாக ஒரு துணிச்சீட்டு. கம்ஃபர்ட் 5, லிமிட் 0, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 15. உறையில் இருந்தது அந்தக் கடைசி எண். ஐ.எஸ்.ஓ. 23537 என்ற அளவீட்டு முறையில் (முன்பு இ.என். 13537), ஒரு பெண் ஆறு மணி நேரம் உயிரோடு தாக்குப்பிடிக்கக்கூடிய எல்லையைத்தான் எக்ஸ்ட்ரீம் என்கிறார்கள். உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும் அபாயத்தையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. அதில் தூக்கத்துக்கு இடமே இல்லை. அப்படிப்பட்ட எண்ணை உறையின் முகப்பில் அச்சடித்து விற்கிறார்களே என்று நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. தயவுசெய்து உள்ளே இருக்கும் சீட்டைப் படிக்காமல் எந்தப் பையையும் வாங்காதீர்கள்.

அடுத்த பாடம் ஈரம். நான்கு பேர், ஐந்து நாள் நடை, அதில் மூன்று நாள் விடாத தூறல். என்னிடம் இருந்தது இரவல் வாங்கிய செயற்கை இழைப் பை. நண்பரிடம் இருந்தது வாத்துத் தூவி (மெல்லிய உள் இறகு) அடைத்த உயர்தரப் பை. எடை என்னுடையதைவிட அரைக் கிலோ குறைவு. முதல் இரவு விரித்தபோது, என் பையைப் போல இரண்டு மடங்கு உப்பி நின்றது. பொறாமையாகக்கூட இருந்தது. மூன்றாம் இரவு எல்லாம் மாறிவிட்டது. மழைத்துளி ஒன்றுகூட அதன் மேல் விழவில்லை. எங்கள் மூச்சுக்காற்றுதான் கூடாரத்தின் உட்சுவரில் நீராகப் படிந்தது, பையின் கால்பக்கம் அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டே கிடந்ததில் ஊறிவிட்டது. டார்ச்சைப் பைக்குள் விட்டுப் பார்த்தோம். தைத்த அறைகளில் தூவி ஈரப் பஞ்சு உருண்டை போல ஒரு மூலையில் ஒட்டிக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் வெறும் துணி, வெளிச்சம் அப்படியே ஊடுருவி வந்தது. அன்றிரவு என் ஜாக்கெட்டையும் காலில் சுற்றிக்கொண்டுதான் அவர் படுத்தார்.

என் பையும் நனைந்துதான் இருந்தது. பாதத்தில் சில்லென்று பட்டது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உப்பல் பெரிதாகப் போகவில்லை. பாலியஸ்டர் இழை தண்ணீரைக் குடிக்காது. இழைகளுக்கு நடுவில் தங்கும் நீரை உதறிப் பிழிந்தால் பெரும்பகுதி போய்விடும். பை தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லையே, நம் உடம்புச் சூட்டைக் காற்றில் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. காற்று தங்க இடம் இருக்கிறவரை கதகதப்பு இருக்கும்.

அந்தப் பயணம் முடிந்ததும் கம்ஃபர்ட் 0 டிகிரி, எடை 1,380 கிராம் உள்ள செயற்கை இழைப் பை ஒன்று வாங்கினேன். ஜிப்பின் உட்பக்கம் நெடுக ஒரு தடித்த குழாய் மாதிரி மடிப்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். அன்றைக்கு விரலில் பட்ட காற்றை அடைப்பது அதுதான். உங்களுக்கு எப்படி?

மறுமொழி 1

அண்ணா, நீங்கள் ஏமாந்தது கடைசி எண்ணில், நான் ஏமாந்தது நடு எண்ணில். நானும் கணவரும் ஒரே மாதிரி இரண்டு செயற்கை இழைப் பைகள் வாங்கினோம். லிமிட் மைனஸ் 2. ஒரே கூடாரம், அடியில் விரிக்க ஒரே மாதிரி மேட். வெளியே மைனஸ் 1. அவர் அசந்து தூங்கினார், நான் நடுங்கிக்கொண்டே கிடந்தேன். எனக்குத்தான் ஏதோ உடம்பு சரியில்லை என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். லிமிட் என்பது 25 வயது, 1.73 மீட்டர் உயரமுள்ள ஆண் உடம்பைக் குறுக்கிக்கொண்டு எட்டு மணி நேரம் விழிக்காமல் தூங்கக்கூடிய வெப்பநிலை. கம்ஃபர்ட் என்பது 25 வயது, 1.60 மீட்டர், 60 கிலோ உள்ள பெண் தளர்வாகப் படுத்துத் தூங்குவதற்கானது. பெண்களும், எளிதில் குளிர் தாக்கும் உடம்புக்காரர்களும், வயதானவர்களும் கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். நான் அதிலும் 4, 5 டிகிரி கூடுதல் கையிருப்பு வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று மேட். இதைச் சொல்லாமல் விட முடியாது. நம் எடை அழுத்துகிற இடத்தில் இழை நசுங்கித் தட்டையாகிவிடும், முதுகுக்குக் கீழே பை இருந்தும் இல்லாத மாதிரிதான். தரைக்குளிரைத் தடுப்பது மேட். ஆய்வகத்தில் பையைச் சோதிக்கும்போதுகூடப் மனித உருவப் பொம்மைக்கு உள்ளுடை போட்டு, மேட்டின் மேல் படுக்கவைத்துத்தான் அளக்கிறார்கள். மேட்டின் காப்பை ஆர் மதிப்பு என்று குறிக்கிறார்கள். என்னிடம் இருந்த ஃபோம் மேட்டுக்கு 2. ஒன்றின் மேல் ஒன்று போட்டால் இந்த மதிப்புகள் கூடும். அடுத்த முறை 2.5 மதிப்புள்ள காற்றடைக்கும் மேட் ஒன்றை அதன் மேல் போட்டேன். அதே பை, ஏறக்குறைய அதே குளிர். விடியற்காலை நான்கு மணிவரை ஒரே தூக்கம். வேறு பைக்குச் செலவு செய்வதற்கு முன்னால் மேட்டைப் பாருங்கள்.

வாங்கும் இடத்திலேயே பைக்குள் படுத்துப் பார்ப்பதற்குக் கூச்சப்படாதீர்கள். கால்விரலை நீட்டினால் நுனியில் முட்டக்கூடாது, முட்டினால் அந்த இடத்தில் இழை நசுங்கும், பாதம்தான் முதலில் விறைக்கும். ரொம்பத் தொளதொளவென்று இருந்தாலும் உள்ளே இருக்கும் வெற்றிடத்தையெல்லாம் நம் உடம்பே சூடாக்க வேண்டியிருக்கும்.

மறுமொழி 2

எட்டு வருடமாக ஒரே செயற்கை இழைப் பையை வைத்திருந்தவன் என்ற முறையில் அதன் பலவீனத்தையும் சொல்கிறேன். வாங்குகிறவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை.

பயணம் முடிந்ததும் பையை அதன் சின்ன உறைக்குள் திணித்து, பட்டையை இறுக்கி, அலமாரியில் வைப்பேன். அடுத்த பயணம் ஏழெட்டு மாதம் கழித்து. வாங்கிய புதிதில் தரையில் விரித்து அரை மணி நேரம் விட்டு ஸ்கேல் வைத்து அளந்தபோது மேல்பக்கம் 7 சென்டிமீட்டர் உயரம் இருந்தது. நான்காம் வருடம் அதே தரை, அதே ஸ்கேல், 4.5 சென்டிமீட்டர். தூவியாக இருந்தால் துவைத்து உலர்த்தினால் பெரும்பாலும் உப்பல் திரும்பும். செயற்கை இழை நசுங்கி உடைந்தால் உடைந்ததுதான். அதற்குப் பிறகு என் பை 0 டிகிரிக்கு உதவவில்லை, 6, 7 டிகிரிக்குத்தான் சரிப்பட்டது. மீதி நான்கு வருடம் அதைக் குளிர் குறைந்த காலத்துக்கு மட்டும் எடுத்துப் போனேன்.

இப்போது புதுப் பையை ஒரு பழைய தலையணை உறை மாதிரி பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு வைக்கிறேன். பயணத்திலும் முகாம் போட்டதும் முதல் வேலை அதை வெளியே எடுத்து உதறி விரிப்பதுதான், சமையல் அப்புறம். துவைக்கும்போது துணி மென்மையாக்கி சேர்க்காதீர்கள், சூடு குறைவாக வைத்து உலர்த்துங்கள். அதிகச் சூட்டில் பாலியஸ்டர் பாழாகும்.

எல்லாச் செயற்கை இழையும் ஒன்றில்லை. குட்டை இழைகளைச் சேர்த்த ரகம் மிருதுவாக இருக்கும், சின்னதாக மடங்கும். ப்ரைமாலாஃப்ட் அந்த ரகம். 1980களில் அமெரிக்க ராணுவம், நனைந்தாலும் சூடு தரும் தூவி மாதிரிப் பொருள் வேண்டும் என்று கேட்டதில் உருவானது அது. இன்னொன்று அறுபடாத நீள இழைத் தாள், க்ளைமாஷீல்ட் ஏபெக்ஸ் மாதிரி. இதற்குக் குறுக்கே தையல் தேவையில்லை, அதனால் தையல் வழியாகக் குளிர் இறங்காது, நாளும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் சுருட்டினால் பெரிய உருளை. என் முதல் பை குட்டை இழை, இப்போது இருப்பது நீள இழை. முதுகுப்பையில் அதற்காகவே இடம் விட வேண்டியிருக்கிறது, பரவாயில்லை என்று ஏற்றுக்கொண்டேன்.

மறுமொழி 3

கடுங்குளிரில் நான் இரண்டையும் கலக்கிறேன். உள்ளே மெல்லிய தூவிப் பை, மேலே போர்வை மாதிரிப் போர்த்தும் செயற்கை இழைக் குயில்ட். உடம்பிலிருந்து கிளம்பும் ஈரம் வெளி அடுக்கில்தான் குளிர்ந்து நீராகிறது. காலையில் தடவிப் பார்த்தால் குயில்ட்டின் வெளிப்பக்கம் ஈரமாக இருக்கும், உள்ளே தூவி உலர்ந்தபடி இருக்கும். குளிர் குறைந்த காலத்தில் குயில்ட் மட்டும் போதும். தலையைப் பைக்குள் இழுத்துக்கொண்டு மூச்சு விடுவதை மட்டும் தவிருங்கள், ஈரம் முழுக்க உள்ளேயே சேரும். மூக்கும் வாயும் வெளியே இருக்கட்டும், தலைக்குக் குல்லாய் போடுங்கள்.

மறுமொழி 4

எல்லோருடையதும் படித்தேன். ஆனால் 1,380 கிராம் எனக்கு அதிகமாகத் தோன்றுகிறது. நான் தனியாகப் போகிறவன், தோள் வலி வேறு இருக்கிறது. எடையைக் குறைக்க வழி உண்டா?

இழையைத் தொடங்கியவர்

தம்பி, நீங்கள் போகிற காலத்தில் மழை வருமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். வறண்ட காற்று, இரண்டே இரவு என்றால் தூவிப் பை எடுத்துப் போங்கள், தாராளமாக. நான்கைந்து நாள் ஈரம் என்றால் அந்த அரைக் கிலோவைத் தூக்கித்தான் ஆக வேண்டும் என்பது என் கருத்து. தனியாகப் போகிறீர்கள், காலில் சுற்ற இன்னொருவர் ஜாக்கெட் இருக்காது.

குறைக்க இடம் இல்லாமல் இல்லை. ஜிப் பாதி நீளம் மட்டும் உள்ள பை எடை குறைவு. தலைப்பகுதி குறுகி, தோளில் அகன்று, காலில் மீண்டும் குறுகும் மம்மி வடிவம் எடுத்தால் வீண் துணி இல்லை. உங்கள் உயரத்துக்கு மேல் நீளமுள்ளதை வாங்காதீர்கள். எப்படியும் எடுத்துப் போகிற ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தூங்குவதாக வைத்து, ஒரு படி லேசான பை எடுக்கலாம். ஆனால் ஜாக்கெட்டோடு உள்ளே படுத்துப் பார்த்து, நெஞ்சில் பை இறுகவில்லை என்று உறுதி செய்த பிறகு வாங்குங்கள். இறுகினால் இரண்டின் உப்பலும் நசுங்கும்.

படுக்கும் முன் கசியாத பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றி, சாக்ஸுக்குள் போட்டு, தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்வேன். அந்தத் தண்ணீரை எப்படியும் காலையில் குடிக்கப் போகிறோம், அதனால் இதற்கென்று தனியாகச் சுமக்க ஒன்றும் இல்லை. அந்த ஐந்து நாள் தூறலில் கடைசி இரவு நாங்கள் நான்கு பேரும் இதைச் செய்தோம். தூவிப் பை நண்பரும் அன்றைக்குத்தான் தூங்கினார்.