புதிய பகுதியில் கிடைத்த மண் சிற்றுண்ணி: முதல் பதிவு என்று எப்போது சொல்லலாம்?

கேள்வி:
காட்டுச் சருகுமண்ணைப் பெர்லீசு புனலில் இட்டு, மேலே விளக்கை எரியவிட்டபோது, வெப்பத்துக்கும் வறட்சிக்கும் விலகிக் கீழிறங்கி எத்தனால் குப்பியில் விழுந்தவற்றுள், அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பழுப்புநிற ஒரிபாட்டிட் சிற்றுண்ணிகள் (மண்ணிலும் சருகிலும் வாழும் ஒரு சிற்றுண்ணிப் பிரிவு) பல இருந்தன. அவை ஆப்பியெல்லா நோவா இனம் என்று கருதுகிறேன். இப்பகுதியில் அந்த இனம் இதுவரை பதிவாகவில்லை. முதல் பதிவாக வெளியிட என்ன தேவை?

பதில் 1:
முதலில் இனத்தை உறுதிசெய்யுங்கள். முதிர்ந்த உயிரிகளை மட்டும் எடுத்து, லாக்டிக் அமிலத்தில் ஊறவைத்து உடல் தெளிந்தபின், முன்னுடலின் இருபுறக் குழிகளிலிருந்து எழும் உணர்மயிரின் வடிவத்தையும், முதுகு மயிர்களின் எண்ணிக்கையையும் அமைவிடத்தையும் நுண்ணோக்கியில் பாருங்கள். உணர்மயிர் எளிதில் உதிர்ந்துவிடும் என்பதால் ஒரேயொரு உயிரியை மட்டும் பார்த்து முடிவெடுப்பது சரியன்று. சிலவற்றை மரபணு ஆய்வுக்காக அடர் எத்தனாலில் குளிரில் வையுங்கள்.

பதில் 2:
முதல் பதிவு வேறு, புதிய வருகை வேறு. மண் சிற்றுண்ணிகளைத் தேடிய ஆய்வுகள் பல நிலப்பகுதிகளில் மிகக் குறைவு. ஆகவே அந்த இனம் நெடுங்காலமாக அங்கேயே இருந்திருக்கலாம். உலகின் பெரும்பகுதியில் பரவியுள்ள ஆப்பியெல்லா நோவாவில் பெண்கள் ஆணின்றியே இனப்பெருக்கம் செய்வதால், நாற்றுத்தொட்டி மண்ணோடு வந்துசேரும் ஒரே பெண்கூடப் புதிய கூட்டத்தைத் தோற்றுவிக்க இயலும். நாற்றங்கால் மண்ணையும் மனிதர் தொடாத காட்டு மண்ணையும் தனித்தனியே எடுத்து ஒப்பிட்டால்தான் இதைப் பற்றி ஏதேனும் சொல்ல முடியும்.

பதில் 3:
சான்று மாதிரிகளை, இடக்குறியீடு, நாள், மண்ணின் ஆழம் ஆகியவற்றுடன் அருங்காட்சியகத்தில் ஒப்படையுங்கள். பிறர் மீண்டும் எடுத்துப் பார்க்க முடியாத பதிவை நான் ஏற்கமாட்டேன்.