எம்.சி.ஜி.யில் எதிரணி ரசிகருக்குப் பக்கத்து இருக்கை

மெல்போர்ன் கிரிக்கெட் மைதானமான எம்.சி.ஜி. என்றதும் நம்மில் பலருக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். 1877-இல் முதல் டெஸ்ட் நடந்த இடம் அல்லவா! ஆனால் மார்ச் முதல் செப்டம்பர் வரை அந்த மைதானம் 'ஃபுட்டி' என்று இவ்வூர்க்காரர்கள் அழைக்கும் ஆஸ்திரேலியக் கால்பந்துக்குச் சொந்தம். 1859-இல் இதே நகரத்தில் விதிகள் எழுதப்பட்ட ஆட்டம் அது. குடிவந்த புதிதில் ரிச்மண்டுக்கும் கார்ல்டனுக்கும் நடந்த ஆட்டத்துக்குத் தனியாகப் போனேன்.

ஐரோப்பியக் கால்பந்தில் வெளியூர் அணியின் ரசிகர்களைத் தனிப் பகுதியில் அமர்த்துவார்கள். இங்கே அந்தப் பிரிவினை இல்லை. சுமார் ஒரு லட்சம் பேர் அமரக்கூடிய அரங்கில் இரு தரப்பினரும் கலந்தே உட்காருகிறார்கள். எனக்கு இடப்பக்கம் மஞ்சள் கறுப்புச் சால்வையுடன் ரிச்மண்ட் ரசிகையான ஒரு மூதாட்டி. அவருக்கு அப்பால் கருநீலச் சட்டையில் அவருடைய பேத்தி, கார்ல்டன் கட்சி. ஒரே குடும்பத்தில் இரண்டு அணிகள்!

எனக்கு ஆட்டம் புதிது என்று தெரிந்ததும் பாட்டி பாடம் தொடங்கிவிட்டார். அணிக்கு 18 பேர். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள உயரமான இரண்டுக்கும் இடையே பந்தை உதைத்தால் 6 புள்ளி, உயரமான கம்பத்துக்கும் ஓரத்துக் குட்டைக் கம்பத்துக்கும் இடையே போனால் 1 புள்ளி. முதலாவதற்குக் கோல் நடுவர் இரண்டு கொடிகளை ஆட்டுவார், மற்றதற்கு ஒன்று. பந்தை எறியக்கூடாது, கையால் தருவதானால் முஷ்டியால் குத்தித்தான் தர வேண்டும். இதையெல்லாம் அவர் வரிசையாக ஒப்பிக்கவில்லை. களத்தில் எது நடந்ததோ அதை அந்தக் கணத்திலேயே சொன்னார். தொலைக்காட்சியில் பார்த்தபோது வெறும் தள்ளுமுள்ளாகத் தெரிந்த ஆட்டம் இரண்டாம் கால்பகுதியிலேயே எனக்குப் பிடிபட்டது.

உதைத்த பந்து 15 மீட்டராவது பறந்துவர, அதைக் கீழே விழாமல் ஒருவர் பிடித்துவிட்டால், இடையூறின்றி அடுத்த உதையை உதைக்கும் உரிமை அவருக்குக் கிடைக்கிறது. ஒரு வீரர் எதிராளியின் தோளில் முழங்காலை ஊன்றி எழும்பி அப்படிப் பிடித்தார். அதில் குற்றமே இல்லை என்றார் பாட்டி. கருநீலக் கூட்டம் ஆர்ப்பரிக்க, அவரும் கைதட்டினார். பந்தை வைத்திருப்பவர் அதை விடுவிக்காமல் பிடிபட்டால் 'பால்!' (ball, பந்து) என்று அரங்கமே நடுவரை நோக்கி முழங்குகிறது. அந்த முழக்கம் இருக்கையின் வழியே உடம்பில் ஏறுவதை எந்தத் திரையும் தராது.

ஒரு தயக்கத்தோடுதான் போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த ஆட்டத்தின் நிறவெறி வரலாற்றைப் படித்திருந்தேன். 1993-இல் விக்டோரியா பார்க் மைதானத்தில் வசைபாடிய கூட்டத்தின் முன்னே பூர்வகுடி வீரர் நிக்கி வின்மர் சட்டையைத் தூக்கித் தன் தோலைச் சுட்டிக்காட்டி நின்றார். ஆடம் குட்ஸ் என்ற மாபெரும் பூர்வகுடி வீரரைக் கூட்டம் விடாமல் கூச்சலிட்டுத் துரத்தியது. அதைத் தடுக்கத் தவறியதற்காக 2019-இல் லீக்கும் 18 கிளப்புகளும் அவரிடம் மன்னிப்புக் கேட்டன. இதை அறிந்த பழுப்புத் தோல்காரர் அக்கம்பக்கத்தை ஒருமுறை நோட்டமிட்டுத்தான் உட்காருவார். அன்று எனக்குக் கசப்பாக எதுவும் நேரவில்லை. உங்களுக்கு நேர்ந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். யாராவது தகாத முறையில் நடந்தால் குறுஞ்செய்தியில் புகார் செய்ய அரங்கத்தில் வசதி இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் மது அனுமதியில்லாத பகுதியில் இடம் கேளுங்கள்.

கால்பகுதி 20 நிமிடம் என்பது கணக்குக்குத்தான். கடிகாரம் நின்று நின்று ஓடுவதால் ஒவ்வொன்றும் அரைமணி நேரத்தை ஒட்டிப் போகும். ஜூன், ஜூலையில் மேல்தட்டில் அடிக்கும் காற்றுக்குத் தடித்த மேலங்கி கட்டாயம்.

கடைசிச் சங்கு ஒலித்ததும் ஜெயித்த அணியின் பாட்டை ஒலிபரப்புகிறார்கள். ரிச்மண்ட் ஜெயித்திருந்தது. பாட்டி எழுந்து நின்று பாடினார். பேத்தி பாடவில்லை, ஆனால் பாட்டு முடியும்வரை காத்திருந்து அவருடைய பையை எடுத்துக்கொண்டாள். இத்தனை நெருக்கத்தில் இவ்வளவு தீவிரமான போட்டியும் இவ்வளவு நிதானமும் சேர்ந்திருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. அன்று முதல் ரிச்மண்ட்தான் என் அணி.

புதிதாக வந்திருப்பவர்கள் சாதாரண வாரத்து ஆட்டம் ஒன்றில் தொடங்குங்கள். போரில் உயிர்நீத்தவர்களை நினைவுகூரும் ஆன்சாக் நாளான ஏப்ரல் 25 அன்று நடக்கும் ஆட்டத்தில், 1995 முதல் 2020 தவிர ஆண்டுதோறும், காலிங்வுட்டும் எசெண்டனும் மோதுகின்றன. அதற்கு டிக்கெட் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்.