முழங்கால் ஜவ்வு கிழிந்து திரும்பிய டெரிக் ரோஸ் உண்மையில் எதை இழந்தார்?

கேள்வி (நாகர்கோவில்):
கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடும் என் தம்பிக்குச் சென்ற ஆண்டு முழங்கால் ஜவ்வு, அதாவது ஏ.சி.எல்., கிழிந்து அறுவை சிகிச்சை நடந்தது. எட்டாம் மாதத்திலேயே ஆடத் தொடங்கிவிட்டான். தூரத்திலிருந்து எறிவதில் குறையில்லை. ஆனால் வளையத்தை நோக்கிப் பாய வேண்டிய இடத்தில் கால் தயங்கி நின்றுவிடுகிறான். 2011இல் 22 வயதிலேயே அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் சிறந்த வீரராகத் தேர்வான டெரிக் ரோஸுக்கும் இதே காயம்தானே? ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஓய்வெடுத்த பிறகும் அவருடைய ஆட்டம் சரிந்தது ஏன்?

மறுமொழி (மார்த்தாண்டம்):
ரோஸின் பலம் எறிதல் அன்று; முழு வேகத்தில் ஓடிவந்து சட்டென நின்று, திசை மாற்றி எழும்புவதே. 2012 ஏப்ரலில், வெற்றி ஏறத்தாழ உறுதியாகிவிட்ட ஆட்டத்தின் கடைசி ஒன்றரை நிமிடத்தில், அப்படி எழும்ப முயன்றபோதுதான் இடது முழங்கால் போனது. (அந்த நேரத்தில் அவரை ஏன் களத்தில் வைத்திருந்தார்கள் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.) 2013இல் திரும்பி 10 ஆட்டங்களே ஆடிய நிலையில் வலது முழங்காலின் மெனிஸ்கஸ் (மூட்டெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்தது, 2015 பிப்ரவரியில் அதே இடத்தில் மீண்டும் காயம். 2010-11இல் ஆட்டத்துக்குச் சராசரியாக 25 புள்ளிகள் எடுத்தவர் 2014-15இல் 17.7 புள்ளிகளில் நின்றார். அதைவிட, ஆட்டத்துக்கு ஏறத்தாழ 7 ஆக இருந்த தனி எறிதல் வாய்ப்புகள் (எதிரணி விதிமீறித் தடுத்தால் மறிப்பின்றி எறியக் கிடைப்பவை) 4க்கும் கீழே இறங்கியதைக் கவனியுங்கள். எதிரணியினர் மீது மோதிக்கொண்டு உள்ளே புகுபவருக்கே அந்த வாய்ப்பு அதிகம் கிடைக்கும். அவர் வெளியே நின்று எறிபவராக மாறிவிட்டார் என்பதற்கு அதுவே சான்று.

மறுமொழி (தக்கலை):
அண்ணன் சொல்வதோடு இன்னொரு என்.பி.ஏ. வீரரான கிளே தாம்சனையும் சேர்த்துப் பார்க்கலாம். ஏ.சி.எல்., பிறகு குதிகால் நாண் என இரண்டு முழு சீசன்களை இழந்தவர், 2022-23இல் தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல்கள் 301 எடுத்து லீக்கில் முதலிடம் பெற்றார். எறியும் கைக்குக் குறை வரவில்லை, எதிரணியின் வேகமான வீரர்களை மறித்து நிற்கும் பழைய கால்கள் மட்டும் திரும்பவில்லை.

மறுமொழி (குளச்சல், இயன்முறை மருத்துவர்):
தம்பியின் தயக்கத்தை மனப்பயம் என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். அறுவை செய்த காலின் தொடைத் தசை மெலிந்திருந்தால் உடல் தானாகவே மற்றக் காலின் மீது பாரத்தைச் சாய்க்கும். ஒற்றைக் காலால் தாண்டச் சொல்லி, இரு கால்களின் தூரத்தையும் அளந்து பாருங்கள். மற்றக் காலின் அளவில் 90 விழுக்காட்டையாவது எட்டும்வரை போட்டியில் இறக்காதிருப்பதே பொதுவான வழக்கம். அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் ஆகுமுன்பே இறங்குவோருக்கு மறுபடி காயம்படும் வாய்ப்பு கூடுதல். நம் மாவட்டத்தில் இரு பருவமழையும் பெய்வதால், திறந்தவெளி சிமென்ட் தளத்தில் ஈரம் காயாமல் ஆடவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி, டாக்டர். நேற்று மாலை தாண்டச் சொல்லி அளந்தோம். கால்களுக்கிடையே ஒரு முழத்துக்கும் மேல் வேறுபாடு இருந்தது. அடுத்த போட்டிக்கு அவன் வர மாட்டான் என்று பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டேன். தம்பிதான் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.