1990 மேற்கு ஜெர்மனி ஜெர்சி: உரியும் எண்ணை மாற்றலாமா?

கடைசிஷூட்:
போன மாதம் ஒரு 1990 மேற்கு ஜெர்மனி ஜெர்சி கைக்கு வந்தது, அடிடாஸ், வெள்ளைத் துணியில் நெஞ்சுக்குக் குறுக்கே கறுப்பு, சிவப்பு, பொன் நிறப் பட்டை மடங்கி மடங்கி ஓடுமே, அதுதான். ரெப்ளிக்கா, அதாவது ரசிகர்களுக்காகக் கடையில் விற்ற நகல். முதுகில் 10. ஒன்று நன்றாக ஒட்டியிருக்கிறது, பூஜ்யம் பாதிக்கு மேல் உரிந்துவிட்டது, தொட்டால் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. இரண்டையும் எடுத்துவிட்டு அதே வடிவத்தில் புது எண்ணும், மேலே அன்றைக்கு 10 போட்டு ஆடிய கேப்டன் மத்தேயுஸ் பெயரும் ஹீட் பிரஸ் (சூடான தகட்டால் அழுத்தி ஒட்டுவது) செய்யப் போகிறேன். கண்ணாடிச் சட்டத்தில் மாட்ட வாங்கவில்லை, போட்டுக்கொள்ள வாங்கினேன்.

நூல்பிரி:
தயவுசெய்து வேண்டாம். முதலில் பெயர். 1990 உலகக் கோப்பையில் யார் முதுகிலும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான், உலகக் கோப்பைக்குப் பெயர் வந்ததே 1994-ல். நீங்கள் செய்யப்போவது அன்றைக்கு இல்லாத ஒரு ஜெர்சி. அப்புறம் அந்த பிரஸ். முப்பது வருஷத்துக்கு மேலான பாலியெஸ்டரில் சூடு கொஞ்சம் கூடினாலும் அழுத்திய இடம் சதுரமாகப் பளபளக்கும், எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

கடைசிஷூட்:
பெயரை விட்டுவிடுகிறேன், அது என் தவறு. எண்ணை விட மாட்டேன். 1986-ல் இங்கிலாந்துக்கு எதிராக அர்ஜென்டினா போட்ட நீல ஜெர்சி எங்கிருந்து வந்தது? மெக்சிகோ சிட்டியில் ஒரு கடையில் வாங்கி, சின்னத்தை அவசரமாகத் தைத்து, அமெரிக்கக் கால்பந்துக்கான வெள்ளி நிற எண்களை இஸ்திரி போட்டு ஒட்டினார்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் மரடோனா கையால் தட்டிய கோல், தனியாளாகப் பந்தைக் கடத்திப் போய் அடித்த கோல் என்று அந்த இரண்டு கோலையும் அடித்தார். அவர்கள் ஒட்டினால் வரலாறு, நான் ஒட்டினால் குற்றமா?

நூல்பிரி:
நல்ல உதாரணம், ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ் அதை மரடோனாவிடமிருந்து மாற்றி வாங்கினார். 2022-ல் சோத்பிஸ் நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்தபோது மரடோனாவின் மகள் இது முதல் பாதியில் போட்டது, கோல் அடித்தது வேறு சட்டை என்றார். அந்தச் சர்ச்சையை முடித்தது எது? ஆட்டப் புகைப்படங்களோடு சின்னத்தையும் கோடுகளையும் எண்ணையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்ததுதான். 71 லட்சம் பவுண்டுக்குப் போனது. இடையில் யாராவது அக்கறையோடு அந்த எண்களைப் புதுப்பித்திருந்தால் ஒப்பிட என்ன மிஞ்சியிருக்கும்?

கடைசிஷூட்:
அது மரடோனா உடம்பில் இருந்தது. என்னுடையது கடைச் சரக்கு, இதை யார் புகைப்படத்தோடு ஒப்பிடப் போகிறார்கள்? விற்கவும் போவதில்லை.

வலதுபேக்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நானும் பழைய ஜெர்சிகளைப் போடுகிறவன்தான், பெட்டியில் பூட்டி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஒருவரிடம் 9 எண் போட்ட ஜெர்சி ஒன்றை வாங்கினேன், எல்லாம் அசல் என்று சொல்லித்தான் கொடுத்தார். ஒரு நாள் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது 9-க்குக் கீழே ஒரு 7 தெரிந்தது. சுற்றிலும் துணி வெளுத்திருக்க, பழைய எண் மூடியிருந்த இடம் மட்டும் நிறம் மங்காமல் அப்படியே இருந்தது. எண்ணை மாற்றியதில் எனக்குக் கோபமில்லை, மறைத்ததில்தான். அவருக்குமே தெரியாமல் இருந்திருக்கலாம், அவருக்கு முன் யாரோ செய்திருக்கலாம். நாம் விற்க மாட்டோம் என்கிறோம், சட்டை நம்மைவிட அதிக நாள் இருக்கும்.

நூல்பிரி:
இதைத்தான் சொல்ல வந்தேன். போட்டுக்கொள்ள ஆசையென்றால் அடிடாஸே இதே வடிவத்தை மறுபடி தைத்து விற்றிருக்கிறது, அதில் எந்த எண்ணையும் ஒட்டுங்கள்.

கடைசிஷூட்:
மறுபதிப்பை நானும் கையில் எடுத்துப் பார்த்தேன், துணி அந்தத் துணி இல்லை. எனக்கு இந்தச் சட்டைதான் வேண்டும், நான் போட்டு நடக்கிற மாதிரி வேண்டும். சரி, 1 என்ற எண்ணைத் தொட மாட்டேன். பூஜ்யத்தை மட்டும் மாற்றுகிறேன், சூடு இல்லாமல், தையல் போட்டு.

நூல்பிரி:
தையலா? துளை விழுமே. எனக்கு இன்னும் சம்மதமில்லை. செய்தே தீருவதென்றால் முன்னும் பின்னும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுங்கள், உரித்த பூஜ்யத்தின் துணுக்குகளை ஒரு காகித உறையில் போட்டுத் தேதி எழுதி சட்டையோடே வையுங்கள்.