வெளிநாட்டு மிஷனரி 9 மாதம் எங்கள் வீட்டில் தங்குகிறார், எதையெல்லாம் முன்னாடியே செய்து வைக்கணும்?

அஸ்தம்பட்டி மாடிவீடு:
சேலத்தில் எங்கள் சேகரத்துக்கு (ஒரே போதகரின் கீழ் உள்ள சபைகள்) ஜெர்மனியிலிருந்து ஒரு சகோதரி வருகிறார். வயது 26, மிஷனரி விசா. மொழி படிப்பும் சபை வேலையுமாக 9 மாதம் இருப்பார். ஹாஸ்டல் வேண்டாம், குடும்பத்தோடு இருக்கட்டும் என்று அனுப்புகிறவர்கள் கேட்க, கமிட்டி எங்கள் வீட்டைக் கை காட்டிவிட்டது. மாடியில் ஓர் அறை, ஒட்டின பாத்ரூம். வீட்டில் நாங்கள் இருவர், மாமியார், பத்தாவது படிக்கும் பையன். டிசம்பரில் அவருடைய தோழி டூரிஸ்ட் விசாவில் வந்து ஒரு மாதம் கூட இருப்பாராம். இருவரையும் சில நாள் ஏற்காட்டுக்கும் அனுப்ப யோசனை. பேப்பர், பணம், சாப்பாடு, இதில் எங்கே கோட்டை விடுவோம்?

சேகரக் கணக்கு:
முதலில் பேப்பர். வெளிநாட்டவர் வீட்டுக்குள் வந்த 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டியது அவர் இல்லை, நீங்கள். சி ஃபாரம் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். வெளிநாட்டவர் பதிவுக்கான அரசுத் தளமான இ-எஃப்ஆர்ஆர்ஓவில் ஆன்லைனிலேயே போடலாம். ஆனால் வீட்டுக்காரர் முதலில் அங்கே பதிந்துகொள்ள வேண்டும். அதை அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அவர் வந்த ராத்திரி உட்கார்ந்தால் ஓடிபி வராது, ஃபோட்டோ சைஸ் ஒத்துக்கொள்ளாது, 24 மணி நேரம் பறந்துவிடும். பாஸ்போர்ட், விசா பக்கம், இமிகிரேஷன் முத்திரை மூன்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பிப் போகும்போது அதையும் பதியணும்; பலரும் மறப்பது இதைத்தான்.

180 நாளைத் தாண்டும் விசா என்றால் இந்தியா வந்த 14 நாளுக்குள் அவர் தன் பெயரைத் தனியாகப் பதிய வேண்டி வரும். விசாவில் என்ன குறிப்பு அச்சாகியிருக்கிறதோ அதன்படி செய்யுங்கள், கமிட்டியில் யாரோ சொன்னதன்படி அல்ல.

அடுத்து பணம். ‘நம்ம பிள்ளை மாதிரி, காசெல்லாம் எதுக்கு’ என்று முதல் மாதம் சொல்லிவிட்டு, நாலாம் மாதம் கேஸ் சிலிண்டரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதுதான் வழக்கம். தங்கல், சாப்பாடு இரண்டுக்கும் மாதம் இவ்வளவு என்று முதல் வாரமே ஒரு தாளில் எழுதி, மாதாமாதம் ரசீது கொடுங்கள். கரண்டை அதில் சேர்க்காதீர்கள். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டின யூனிட்டுக்கு மட்டுமில்லை, கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் ரேட் ஏறும். மாடி அறையில் ஏசி, கீசர் இருந்தால் சப் மீட்டர் போடுங்கள்.

சபைக்கு அவர் ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால் அங்கே நிறுத்துங்கள். வெளிநாட்டுக் குடிமக்கள் இங்கேயே ரூபாயாகக் கொடுத்தாலும் சட்டத்தில் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாத சபை வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லி ஸ்டேட் பாங்க் கிளையில் இருக்கும் கணக்குக்குத்தான் முதலில் வரணும். ஆலயத்துக்கு ஃபேன் வாங்கக் கவரில் போட்டுக் கொடுத்தார் என்பதெல்லாம் செயலருக்குத் தலைவலி.

அஸ்தம்பட்டி மாடிவீடு:
நன்றி ஐயா. டூரிஸ்ட் விசாவில் வரும் தோழியை கிறிஸ்துமஸ் ஆராதனையில் இரண்டு வார்த்தை பேச வைக்கலாம் என்று போதகர் சொல்கிறார். பரவாயில்லையா?

சேகரக் கணக்கு:
வேண்டாம். ஆராதனைக்கு வரலாம், பாடலாம், பிரசங்கம் கேட்கலாம். பிரசங்கம் செய்வது, கைப்பிரதி (மதத் துண்டுப்பிரசுரம்) கொடுப்பது இரண்டும் அந்த விசாவில் கூடாது. ஆலயத்துக்குள் நின்று பேசினாலும் அதே கதைதான். நம் சபைகளில் வெள்ளைக்காரர் ஒருவரைப் பார்த்ததும் மைக்கை நீட்டிவிடுவார்கள், அதுதான் கண்ணி. சாட்சி என்று பெயர் வைத்தாலும் பேச்சு பேச்சுதான். போதகரிடம் முந்தின நாளே சொல்லி வையுங்கள்.

மல்லூர் அக்கா:
பேப்பரை அண்ணன் சொல்லிவிட்டார், நான் வீட்டைச் சொல்கிறேன்.

அவரைத் தனியாக உட்கார வைத்துப் பரிமாறிவிட்டு நீங்கள் சுற்றி நிற்காதீர்கள். 1827-ல் லண்டன் மிஷன் சேலத்துக்கு வந்த காலத்து துரை உபசாரம் அது. குடும்பத்தோடு இருக்க வந்தவருக்கு அதைவிடத் தனிமை வேறில்லை. ஒரே நேரத்தில் எல்லாரும் சாப்பிடுங்கள். ‘போதும்’ என்றால் போதும்தான், மூன்றாம் இட்லி வைக்காதீர்கள் என்று மாமியாரிடம் சொல்லுங்கள். மிச்சம் வைத்தால் நாம் வருத்தப்படுவோம் என்று பயந்து தின்று, வயிற்றைக் கெடுத்துக்கொள்வார்கள்.

முதல் பத்து நாள் காரம் பாதி. குழாயில் மேட்டூர் தண்ணி விடும் நாளில் பிடித்து வைத்ததை, தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிஷம் விட்டு இறக்கி, மூடிவைத்த குடத்திலிருந்து கொடுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. உப்பு கூடினால் ஆபத்து. ரத்தமோ காய்ச்சலோ சேர்ந்தால் டாக்டர்தான்.

பாத்ரூமில் மூடியுள்ள குப்பைக்கூடை வையுங்கள். பேப்பரை செப்டிக் டாங்குக்குள் போட வேண்டாம் என்று உங்கள் மகனிடம் சொல்லிச் சொல்ல வைக்காமல் நீங்களே சொல்லுங்கள். அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கட்டாயம். தட்டாமல் உள்ளே போகக் கூடாது என்பது பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கும் சேர்த்து. வேலைக்கு வரும் அம்மாவுக்கு அவர் தனியாகக் காசு கொடுக்க ஆரம்பித்தால் உங்கள் சம்பளக் கணக்கு குழம்பும்; அதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

மொழிக்கு ஒரு விதி: சாப்பாட்டு நேரத்தில் இங்கிலீஷ் கிடையாது. பையனுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் டியூஷன் ஆகிவிட்டால் ஒன்பது மாதமும் வீண். வேதாகமத்தை மட்டும் வைத்துப் படித்தால் கண்டக்டரிடம் ‘நீர் எங்கே போகிறீர்’ என்று கேட்பார். ‘நீங்க’வை முதலில் பழக்குங்கள், ‘நீ’ பின்னால் தானாக வரும். குடும்ப ஜெபத்துக்கு அன்றைய அதிகாரத்தை மத்தியானமே சொல்லிவிட்டால், தன் மொழியில் படித்துவிட்டு வந்து உட்காருவார்.

காப்பித் தோட்டம்:
ஏற்காட்டில் எந்த வீட்டில் இறங்குகிறார்களோ, அந்த வீட்டுக்காரரும் தனியாக சி ஃபாரம் போடணும். உங்களுடையது அங்கே செல்லாது.

மேலே 20 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருகிறவரை முன்சீட்டில் உட்கார வையுங்கள், போனைப் பார்க்க விடாதீர்கள். டிசம்பர் ராத்திரிக் குளிருக்கு ஆளுக்கு இரண்டு கம்பளி. ஜன்னலை அடைத்துக்கொண்டு அறைக்குள் கரி அடுப்பு வைப்பதும், காற்றுப் போக வழியில்லாத பாத்ரூமில் கேஸ் கீசர் ஓட விடுவதும் ஆளையே கொன்றுவிடும். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை இல்லை. பக்கெட்டில் வெந்நீர் கொடுப்பதே நல்லது.

மழை விட்ட பிறகு தோட்டத்துக்குள் நடந்தால் அட்டை ஏறும். நெருப்பு வைக்க வேண்டாம், நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பினால் விடும். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரத்தம் உறையாமலிருக்க அட்டை ஒரு பொருளைக் கடிவாயில் விடுவதால் கொஞ்ச நேரம் கசியும், துணியை அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

மலையாளி மக்கள் (கேரளக்காரர் இல்லை, இந்த மலையின் பழங்குடியினர்) ஊர்களுக்குப் போனால் ஊர்ப் பெரியவரைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே. குழந்தைகளைப் படம் எடுத்து அவர்கள் சபைக்கு அனுப்பும் கடிதத்தில் போட வேண்டாம். தாய் தகப்பன் சரி என்று சொன்னால் பார்க்கலாம். மிட்டாய்ப் பையும் வேண்டாம், அடுத்து வருகிறவர்களை எல்லாம் பிள்ளைகள் துரத்தும்.